மெட்டு ஏறுகிறவர்கள்

போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை தொடங்குகிற முந்தலுக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. மேற்கே இன்னும் ஒரே இருட்டு. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. நட்சத்திரங்கள் ஓர் இடத்தோடு நின்றுபோயிருந்தன, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மலை என்று கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். போடிப் பக்கமிருந்து விளக்குகள் வரத் தொடங்கின.

முதல் ஜீப், பின்னாலேயே இரண்டாவது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையைச் சுற்றித் துண்டு, மடியில் தூக்குவாளி. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். சோதனைச் சாவடியில் ஒரு ஜீப் நின்றபோது உள்ளேயிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்.

“சைக்கிள்லயா தம்பி மெட்டு ஏறப் போற?”

“ஆமாக்கா.”

“ஆத்தாடி. தண்ணி வச்சிருக்கியா?”

பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். ஜீப் கிளம்பிவிட்டது. அதன் பின்விளக்கு மேலே போய், திரும்பி, மறைந்து, இன்னும் மேலே இன்னொரு பக்கத்தில் மறுபடி தெரிந்தது. சாலை எங்கே போகிறது என்று அந்தச் சிவப்புப் புள்ளிதான் எனக்கு முதலில் காட்டியது.

போடிமெட்டைப் பற்றி இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மூணாறு போகிற வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்று. அதில் தப்பில்லை, அழகான இடம்தான். ஆனால் அடிவாரத்திலிருந்து சொந்தக் காலால் ஏறிப் போகிறவருக்கு அது வேறு இடம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போனவர். தேவாரம் என்ற ஊர்க்காரர். அவர் காலத்தில் ஜீப்பு கிடையாது. தேவாரத்துக்கு மேற்கே சாக்கலூத்து மெட்டு என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் அங்கே தார்ச்சாலை இல்லை. சாலை போட்டுக் கொடுங்கள் என்று சுற்றுவட்டாரத்து மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் விடியுமுன்னே கிளம்பி, கூட்டமாகப் பேசிக்கொண்டே ஏறுவார்களாம். ஒரு வாரத்துக்கான அரிசியும் புளியும் தலையில். மேலே தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்துவிட்டு மறு வாரம் இறங்குவார்கள். சின்ன வயதில் அவர் காலைப் பிடித்துவிடும்போது கணுக்காலுக்கு மேலே கல்லைப்போல ஒரு சதை கையில் தட்டுப்படும். “மெட்டு ஏறுன காலுடா” என்பார்.

அவர் சொன்ன இன்னொன்று: “மூச்சு வாங்குனா நிக்காத. நடையக் கொறச்சுக்க. நின்னா காலு கட்டிக்கிரும்.”

சைக்கிளுக்கும் இதுதான் விதி. எத்தனையோ காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதை ஏலக்காய் பறித்த ஒரு கிழவி இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மெட்டு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கணவாய் என்று படித்தோம். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய். எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறந்து கணவாய் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு, எல்லாம் மெட்டுதான். யோசித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் சரியானதுதான். பாலக்காட்டில் மலைத்தொடரே விட்டுப்போயிருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது, ரயில் ஏற்றமே தெரியாமல் போய்விடும். தேனிப் பக்கம் அப்படி வாசல் எதுவும் கிடையாது. மலை சுவர்மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரின் உச்சி எங்கே கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதோ, அங்கே பார்த்து மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள்.

எல்லை தாண்டினால் மலையாளத்தில் இதையே சுரம் என்கிறார்கள். தாமரசேரிச் சுரம், நாடுகாணிச் சுரம். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிக் கடந்து போகிறானே, அதே சுரம். நாம் அதைப் பாட்டுக்குள் விட்டுவிட்டோம். அங்கே அது பேருந்து போகிற சாலையின் பெயராக உயிரோடு இருக்கிறது. பொருள் தேடிப் போகிறவர்கள் கடக்கும் வழி என்ற அர்த்தம் இரண்டு பக்கமும் மாறவில்லை.

சரி, ஏற்றத்துக்கு வருகிறேன்.

போடி கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டர் உயரம் இருக்கும். போடிமெட்டு ஏறத்தாழ 1,400. ஊரிலிருந்து முந்தல் வரை அதிகம் ஏற்றம் இல்லை. பாக்கி 1,000 மீட்டரையும் அதற்கப்புறம் வரும் 20 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் ஏறியாக வேண்டும். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயரம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். அந்த ஐந்து மீட்டர் மூன்று மணி நேரம் விடாமல் தொடர்ந்து வரும் என்பதுதான் விஷயம். இந்த உயரத்தை நேராக ஏறினால் மாட்டு வண்டியும் ஏறாது, லாரியும் ஏறாது. அதனால்தான் சாலையை மடித்து மடித்துப் போட்டிருக்கிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை இது.

முதல் இரண்டு வளைவில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். ஆர்வத்தில் வேகமாக மிதித்துவிட்டேன். மூன்றாவதில் நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்பத்தாவை நினைத்துக்கொண்டு இருப்பதிலேயே லேசான கியருக்கு மாற்றினேன். பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பெரிய சக்கரத்தில் செயின் ஏறியது. அதன் பிறகு வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர். வேகமாக நடக்கிற மனிதரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் மூச்சு அடங்கியது. மூச்சு அடங்கியதும் காது திறந்தது.

வளைவில் உள்பக்கமாக ஒட்டிப் போனால் தூரம் குறைவு, ஆனால் ஏற்றம் செங்குத்து. வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனால் தூரம் அதிகம், ஏற்றம் மிதம். சைக்கிள்காரருக்கு வெளிவட்டம்தான் நல்லது. ஆனால் மேலிருந்து இறங்கும் லாரிக்கும் அந்த இடம் வேண்டும். வளைவு வருமுன்னே காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். எந்த வண்டி, எவ்வளவு பாரம், எவ்வளவு தூரத்தில் என்று ஐந்தாறு வளைவுக்குள் சத்தத்திலேயே பிடிபட்டுவிடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது மலைச்சாலை மரியாதை. அன்றைக்கு ஒரு லாரிக்காரர், ஒரு சைக்கிளுக்காக, முழு லாரியையும் நிறுத்திக் காத்திருந்தார். கையைத் தூக்கிக் கும்பிட்டேன். ஹார்ன் அடிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

காரில் போனால் இந்தச் சாலை முக்கால் மணி நேரம்தான். அந்த வேகத்தில் தெரியாமல் போகும் ஒன்றைச் சொல்கிறேன். மரம் மாறுகிறது. கீழே கருவேலும் முள்ளும் புளியும். கொஞ்சம் ஏறினால் மாமரமும் இலவமும். போடியில் இலவம் பஞ்சு வியாபாரம் பெரிது, அந்த மரம் இங்கே நிற்பதில் ஆச்சரியமில்லை. பாதி மலையில் காப்பித் தோட்டம் தொடங்குகிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. மேலே போகப் போக ஏலம். இந்த மாற்றத்தில் கோடு போட்டுக் காட்ட ஓர் இடமும் இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது கலந்துவிடும். உடம்புக்கும் அப்படித்தான். 1,000 மீட்டர் உயர்ந்தால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். எந்த வளைவில் குளிர்ந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. சட்டை ஈரம் முதுகில் திடீரென்று சில்லென்று ஒட்டும்போதுதான், அட, காற்று மாறிவிட்டது என்று தெரியும்.

புலியூத்து அருவியில் இறங்கி நின்றேன். கால் கட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று நின்றேன். பாறைமேல் தண்ணீர் மெல்லிய வேட்டியை விரித்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது. முகம் கழுவினேன். பக்கத்தில் மலையை வெட்டின இடம் புதுக் காயம்போலச் செம்மண்ணாகத் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இந்தப் பக்கத்தில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோவது அடிக்கடி நடப்பதுதான். அந்த மாதங்களில் சைக்கிளில் வரவேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். பங்குனி, சித்திரையிலும் வேண்டாம். வெயில் பாறையில் பட்டுத் திரும்பி அடிக்கும், காடும் காய்ந்து கிடக்கும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. நான் போனது ஆவணி. மேற்குக் காற்று முழுக்க எதிர்க்காற்றாக அடித்தது. ஆனாலும் ஆவணியில் போனதற்கு ஒரு காரணம் உண்டு, மேலே போனதும் சொல்கிறேன்.

பதினொன்றாவது வளைவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் போடி மொத்தமும் கீழே கிடந்தது. தென்னந்தோப்புகள், கொட்டகுடி ஆற்றின் மணல் கீற்று, ஊர் முடிகிற இடத்தில் ரயில் நிலையம். மீட்டர் கேஜ் ரயில் 1928-இல் வந்த ஊர் இது. அகலப் பாதை வேலைக்காக 2010-இல் நிறுத்தினார்கள், ரயில் திரும்பி வர 2023 ஜூன் ஆகிவிட்டது. மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்கு அந்தக் காலத்திலேயே எதற்கு ரயில் என்று சிறு வயதில் யோசித்திருக்கிறேன். பதில் எனக்கு இந்தச் சாலையில் கிடைக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறியபோது கிடைத்தது.

அது 2013 தை மாதம். நண்பர்கள் நான்கு பேர், வழிகாட்டக் குரங்கணிக்காரர் ஒரு பெரியவர். முந்தலில் பிரியும் சாலை குரங்கணியில் முடிந்துவிடும். அங்கிருந்து நடைதான். ஏறி முடிக்க எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. வழியில் சென்ட்ரல் என்றொரு சின்னக் குடியிருப்பு. பெயரைக் கேட்டதும் ஒருவன், “எதுக்குச் சென்ட்ரல்?” என்றான். “மேல டாப் ஸ்டேஷன், கீழ பாட்டம் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன். ரோப்பு ஓடுச்சுல்ல” என்றார் பெரியவர். புதருக்குள் கையை நீட்டிக் காட்டினார். பாசி பிடித்த கருங்கல் கட்டுமானம் ஒன்று, ஒரு பக்கம் இடிந்து, நடுவில் அத்திக்கன்று முளைத்துக் கிடந்தது.

கதை இதுதான். கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையைக் கப்பலுக்குக் கொண்டுபோக வழி தேவைப்பட்டது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் இருக்கும். சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம், கப்பல்.

1924 ஜூலையில் பெருமழை. கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. மூணாறு ரயில் அந்த வெள்ளத்தில் போனது போனதுதான், யாரும் திரும்பப் போடவில்லை. போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், நடுவில் ஒரு கம்பிவடம் என்று கச்சிதமாக அமைந்திருக்க வேண்டிய வழி. இரண்டு ரயிலும் ஒரு நாள்கூட ஒரே காலத்தில் ஓடவில்லை.

அன்றைக்கு அந்தப் பாதையில் இடுப்பளவு புல் காய்ந்து, வெயிலில் பொன்னாக மினுங்கியது. காற்று வீசும்போது மலைச்சரிவே ஒரு பெரிய மிருகத்தின் மயிர் சிலிர்ப்பதுபோல அசையும். நாங்கள் அதற்குள் படுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். ஐந்து வருடம் கழித்து, 2018 மார்ச் 11 அன்று, குரங்கணி மலையில் அதே மாதிரிப் புல்லில்தான் தீ பரவியது. மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அந்தச் செய்தி வந்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது மாதக் கணக்குதான். நாங்கள் தையில் போனோம், அவர்கள் மாசிக் கடைசியில் போனார்கள். இன்றைக்கு அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் நடக்க முடியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்தது, குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. நெருப்புக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். “நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், குறுக்கு வழியில் போய்விடலாம்” என்று யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து போகாதீர்கள்.

2018 தீ எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2020 மார்ச்சில் நடந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. கொரோனாவுக்காக எல்லைகள் மூடிய நாட்கள். ஏலத்தோட்டத்து வேலையிலிருந்து ஊருக்குத் திரும்பிய சில தொழிலாளர்கள், போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரம் மலையில், காட்டுப் பாதையில் நடந்து இறங்கினார்கள். காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. ஒரு குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தார்கள். அவர்கள் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் இல்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். அதற்கு முன்னால் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோதும் எல்லைச் சாலைகள் அடைபட்டு, தோட்டங்களில் மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பெண்கள் காட்டு வழியாகத்தான் இறங்கி வந்தார்கள். சாலை அடைபடும் ஒவ்வொரு முறையும் இந்த மக்கள் பழைய பாதைக்குத் திரும்புகிறார்கள். பழைய பாதை என்று நாம்தான் சொல்கிறோம். அவர்களுக்கு அது மறக்காமல் வைத்திருக்கும் வழி.

அதனால்தான் மெட்டு என்றால் எனக்குக் காட்சி முதலில் வருவதில்லை, கால்கள்தான் வருகின்றன.

ஒன்பதரை மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தேன். கடைசி வளைவைத் தாண்டியதும் ஏற்றம் சட்டென்று விடவில்லை, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போய் ஒரு கடைத்தெருவில் முடிந்தது. இந்தப் பக்கக் கடை தமிழ்நாடு, எதிர்ப்பக்கம் தள்ளி கேரளம். இரண்டு மாநிலச் சாவடிகள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று போராடினார்கள், கேரளத்தோடு போயின. பேச்சு மட்டும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அந்தப் பக்கத்துக் கடைக்காரரிடம் நான் தமிழில் கேட்டேன், அவர் தமிழில் கணக்குச் சொன்னார், பின்னால் திரும்பி மலையாளத்தில் சத்தம் போட்டார்.

இப்போது ஆவணியின் காரணம். டீயை வாங்கிக்கொண்டு சரிவின் விளிம்பில் வந்து நின்றேன். எனக்குப் பின்னால் மேற்கே முழுக்க மேகம். சாரல் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் கிழக்கே போடி வெயிலில் பளபளவென்று கிடந்தது. மேகம் என் தோளைத் தாண்டி வந்தது. விளிம்பைக் கடந்து கீழே இறங்கப் பார்த்தது. பத்துப் பதினைந்து அடிக்குள் கிழிந்து, நூல்நூலாகி, இல்லாமல் போனது. பின்னாலேயே அடுத்தது வந்து, அதுவும் கரைந்தது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. மிச்சம் இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, மேகம் ஆவியாகிவிடுகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று ஏழாவதோ எட்டாவதோ படித்திருப்போம். ஒரே ஆளின் முதுகில் மழையும் நெஞ்சில் வெயிலும் விழும் அளவுக்கு அது ஒரு கோடு என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. டீ ஆறும்வரை பார்த்தேன். இன்னொரு டீ வாங்கி அதுவும் ஆறும்வரை பார்த்தேன்.

அந்தக் கோடுதான் இந்த மாவட்டத்துப் பிழைப்பையே போட்டிருக்கிறது. மழை விழும் பக்கம் ஏலம் விளைகிறது. மழை விழாத பக்கம் வேலைக்கு ஆள் இருக்கிறது. ஆளும் சரக்கும் இந்த மெட்டைக் கடக்கிறார்கள். காய் எடுக்க ஆள் காலையில் ஏறுகிறது, ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலர்த்திய காய் மூட்டையாக போடியில் ஏலம் போக இறங்குகிறது.

கேரளப் பக்கம் பூப்பாறை வரை இறங்கிப் பார்த்தேன். அங்கே சமவெளி வராது, மேட்டுநிலம்தான் தொடர்ந்துகொண்டே போகும். சாலையோரத் தோட்டத்தில் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலத்தட்டை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், ஆனால் காய் பிடிப்பது அடியில், தரையோடு படர்ந்த சரத்தில். நாள் முழுக்கக் குனிந்தோ உட்கார்ந்து நகர்ந்தோதான் எடுக்க வேண்டும். சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. விளைந்ததைத் தொட்டுப் பார்த்துப் பறித்து, பிஞ்சை விட்டு வைக்க வேண்டும். அந்த விரல்கள் இலைக்குள் போய்வருவதை வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணால் தேடவே இல்லை, விரலே பார்த்துக்கொண்டது. நகக்கண்ணெல்லாம் கறுப்புக் கறை. அப்பத்தாவின் விரலில் கடைசிவரை போகாத கறை அது.

திரும்பி மெட்டுக்கு ஏறி, சாப்பிட்டு, நான்கு மணி வாக்கில் இறங்கத் தொடங்கினேன். ஏறுவதற்குக் கால் போதும், இறங்குவதற்கு நிதானம் வேண்டும். என் சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடித்துவிடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடக்கூடாது. நான்கு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறை தொட்டபோது விரல் சுட்டது. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும், கிளம்புமுன் பின்பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றாமல் விட்டது என் தவறு. இன்னும் ஏழு வளைவு பாக்கி இருக்கும்போது இரும்பில் இரும்பு உரசும் சத்தம் வந்தது. கட்டை தேய்ந்து முடிந்துவிட்டது. முன்பிரேக்கை மட்டும் நம்பி அந்தச் சரிவில் இறங்கக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அரை மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் ஒரு ஜீப் நின்றது. ஓட்டுநர் சைக்கிளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் இறங்கி வந்து மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். “உள்ள எடம் இருக்கு, ஏறுங்க.” உள்ளே இடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நான் ஏறியதும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக நகர்ந்து ஓர் ஆள் இடம் உண்டானது. ஓர் அம்மா தன் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் முழுக்கப் பச்சை ஏலக்காய் வாசனை. பாயசத்தில் வருகிற வாசனை இல்லை. அதைவிடக் காரமாக, மண்ணும் தழையும் வியர்வையும் கலந்த வாசனை. அப்பத்தாவின் சேலையில் இருந்த வாசனை.

“எந்த ஊரு தம்பி?” என்றார் அந்த அம்மா. சொன்னேன். அப்பத்தா சாக்கலூத்து மெட்டு ஏறி வேலைக்குப் போனவர் என்றும் சொன்னேன். “எங்கம்மாவும் அதுல ஏறுனவதான்” என்றார். அதற்குமேல் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தலை சாய்ந்தது. பார்த்தால் எல்லோருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப் இடப்பக்கம் வளைந்தால் எல்லாத் தலையும் ஒன்றாக வலப்பக்கம் சாயும். வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்கம். ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, நிமிர்ந்து, மறுபடி விழுந்து, ஒருவரும் கண் திறக்கவில்லை. நான் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தேன்.

முந்தல் வந்து சாலை நேரானது. யாரும் எழுப்பாமலேயே எல்லோரும் கண் விழித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தூக்குவாளியைத் தேடினார்கள்.